எட்டுக் கிழமைப் பெட்டை

உ

ரூஜ், ஸ்காபரோ
யூன் 8, ஞாயிறு

அன்புள்ள மகள் சுபாங்கிக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மனதுக்கும் குறையில்லை என்று எழுதினால் அது பொய்யாகிவிடும், பொய் சொல்லி நான் பட்டது போதும். நீயும் வினோதனும் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிற நாய்க்குட்டியும் ஹலிபக்ஸில் சுகமாக இருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். பார், நாய்க்குட்டி என்று எழுதிவிட்டேன். மூன்று கிழமையாக அந்தச் சொல் என் வாயில் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. நீ என்னுடைய போன் கோலை எடுக்காமல் இருப்பதை நான் குறையாகச் சொல்லவில்லை, உன் இடத்தில் நான் இருந்திருந்தால் நம்பரையே மாற்றியிருப்பேன். வட்ஸ்அப்பில் குரல் பதிந்து அனுப்பலாம் என்று நாலு தரம் தொடங்கினேன், திரும்பப் போட்டுக் கேட்டால் அது மன்னிப்புக் கேட்கிறவளின் குரல் மாதிரி இல்லை, உன்னை ஏசிப் பேசுகிறவளின் குரல் மாதிரித்தான் இருந்தது, எனக்கு அந்த ஒரு குரல்தான் இருக்கிறது போல. அதனால்தான் கடிதம். கோபத்தில் கிழித்தாலும் பரவாயில்லை, ஒருக்கால் வாசித்துவிட்டுக் கிழி.

அப்பாவின் முழங்கால் இப்போது படி ஏறவிடுகிறது, இறங்கத்தான் விடுகிறதில்லை. தம்பி திலக்சன் விட்பியில் வாங்கிய வீட்டுக்குப் போய்விட்டான், விடிய ஆறு மணி ரெயினைப் பிடிக்கிறேன் என்று பெருமையாகச் சொல்கிறான், சனிக்கிழமைகளில் மட்டும் இங்கே வந்து என் பிரிட்ஜைத் துடைத்துக் காலியாக்கிக்கொண்டு போகிறான். தக்காளிக் கன்று நட்டாயிற்று. இவ்வளவும் எழுதுவது சொல்லவேண்டியதைத் தள்ளிப்போடத்தான் என்று உனக்குத் தெரியும், இனித் தள்ளமாட்டேன். நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும், மற்றப் பாதி இன்னும் கேவலம், அதையும் நானே சொல்லவேண்டும்.

ஏப்ரல் கடைசியில் நீ ஒரு குரல் மெசேஜ் அனுப்பினாய், நான் இன்னும் அதை அழிக்கவில்லை. "அம்மா, லிஸ்ற்றில பேர் குடுத்து வைச்சிருந்தனாங்கள் எல்லோ, நேற்றுக் கோல் வந்தது, போய் எடுத்துக்கொண்டு வந்திட்டம். எட்டுக் கிழமை, ரெண்டு மாதம். பெட்டை. சரியான வடிவம்மா. லோங் வீக்கெண்டுக்குக் கொண்டு வாறம், படம் அனுப்பமாட்டம், நேரில பாருங்கோ. நீங்கள்தான் பேர் வைக்கவேணும், ஒரு சின்னப் பார்ட்டி வைப்பம்" என்று. இரண்டு வருடத்துக்கு முன் நீங்கள் பிள்ளை தத்தெடுக்க எழுதிக் கொடுத்திருப்பதாக நீ எனக்கு ஒரேயொரு தரம் சொன்னது மனதில் கிடந்தது. எங்கள் ஆட்களுக்கு வேறு சொல்லே கிடைக்கவில்லையா மகள், பொம்பிளைப் பிள்ளையும் பெட்டை, பெண் நாயும் பெட்டை. நான் உன்னைப் பெற்ற அன்று ஆசுப்பத்திரி மிட்வைவ் வந்து அப்பாவுக்குச் சொன்ன சொல்லும் அதேதான், "பெட்டை பிறந்திருக்கு" என்று. அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் குசினியில் நின்ற இடத்திலேயே நிலத்தில் இருந்து அழுதேன். அப்பா அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று ஓடிவந்தார், கருகித்தான் இருந்தது, அதை யார் பார்த்தது.

பிறகு நாங்கள் இரண்டு பேரும் இரண்டு கிழமையாகக் கதைத்ததை இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, சிரித்த உடனே முகம் சுடுகிறது. பால் குடிக்கிறதோ என்று கேட்டேன், நல்லாய்க் குடிக்குது என்றாய். ஊசி போட்டாச்சோ என்றேன், முதல் ஊசி போட்டாச்சு என்றாய். கையில் அகப்பட்டதை எல்லாம் கடிக்கிறாள் என்று நீ சொன்னபோது கெட்டிக்காரி என்றேன். அப்பா பக்கத்தில் இருந்து, "எட்டுக் கிழமையில கடிக்குமோடி?" என்று கேட்டார், உங்களுக்குப் பிள்ளை வளர்த்ததில் என்ன தெரியும், பகலும் இரவும் வேலைக்குத்தானே போனீர்கள் என்று அவரின் வாயை அடைத்தேன். இரண்டு பிள்ளையைப் பெற்று வளர்த்தவளுக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை, வரவிடவில்லை என்பதுதான் சரி. வினோதனிடம் பிறந்த திகதி கேட்டேன், அவர் சிரித்துக்கொண்டு பெப்ரவரி இருபத்தெட்டு என்றார், நேரம் தெரியாதாம். நான் கோயிலுக்குப் போய் ஐயரிடம் கொடுத்தேன், அவரும் பஞ்சாங்கம் பார்த்து, பூரட்டாதி, தா என்ற எழுத்தில் பெயர் வையுங்கோ, பெற்றாருக்கு நல்ல காலம் தொடங்குகிற சாதகம் என்றார். ஒரு நாய்க்குட்டிக்குச் சாதகம் பார்த்த முதல் ஆள் இந்த ஊரில் நானாகத்தான் இருக்கும்.

நீ கேட்டது பின் வளவில் பத்துப் பேரோடு ஒரு பார்ட்டி. நான் செய்தது உனக்குத் தெரியும், ஆனால் அளவு தெரியாது. மார்க்கம் றோட்டில் ஒரு விழா ஹோல் எடுத்தேன், நூற்றிருபது பேருக்குச் சொன்னேன், தொட்டில் ஒன்று வாடகைக்குப் பேசி அதற்கு மல்லிகைப்பூச் சுற்றச் சொன்னேன், பிள்ளையின் கழுத்துக்குப் பொன்னில் பஞ்சாயுதம் செய்யக் கொடுத்தேன், பெயர்ப்பலகையில் தாரிணி என்று எழுதுவித்தேன். உன்னிடம் மட்டும் எல்லாம் சின்னதாகத்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இதெல்லாம் உனக்காக என்று நினைத்திருந்தேன் பிள்ளை. இல்லை. எட்டு வருடமாகக் கலியாண வீடுகளிலும் சாமத்தியவீடுகளிலும் ஒவ்வொருத்தரும் என்னைப் பார்த்து ஒரு மாதிரித் தலையைச் சரித்து, மகள் எப்பிடி இருக்கிறா என்று கேட்பார்கள், அந்தச் சரித்த தலைகளை எல்லாம் ஒரே நாளில் நிமிர்த்திப்போட ஆசைப்பட்டேன். அது என்னுடைய பார்ட்டி. எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

லோங் வீக்கெண்டுக்கு முன் வந்த புதன்கிழமை நீ கோல் எடுத்துக் கேட்டாய், "அம்மா, உங்கட பின் வேலி எல்லாம் பொட்டு, ஓட்டை இல்லாமல் கிடக்கோ, இவள் ஓடுறதெண்டால் ஒரே பறப்பு" என்று. ஓடுகிறாளா என்றேன். நாலு காலிலும் பறப்பாள் என்றாய். நாயோ என்று கேட்டேன். நீ சிரித்துக்கொண்டு, "பின்னை என்னவெண்டு நினைச்சனீங்கள்?" என்று கேட்டாய். கேட்டுவிட்டு நிறுத்தினாய். அந்த நிறுத்தலில் உனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது, நான் என்ன நினைத்திருந்தேன் என்பதும், அதை நினைத்து எவ்வளவு சந்தோசப்பட்டேன் என்பதும். ஒரு தாய்க்கு அந்த இடத்தில் வாயில் வந்திருக்கவேண்டிய சொல் நூறு இருக்கிறது. எனக்கு வந்தது, "ஐயோ, நான் சனத்துக்கு என்ன சொல்லுறது" என்பது. அதோடு விட்டேனா, இந்த முறை வரவேண்டாம் பிள்ளை, இன்னொரு முறை பார்ப்போம் என்றும் சொன்னேன். காரில் சாமான் ஏற்றிக்கொண்டு நின்ற பிள்ளையை, இரண்டு நாள் கார் ஓடி வரத் துணிந்த பிள்ளையை, வராதே என்று சொன்னேன். நீ "சரி அம்மா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாய்.

இனி உனக்குத் தெரியாத பாதி. அன்றைக்குப் பின்னேரமே நான் எல்லாருக்கும் ஒரு மெசேஜ் போட்டேன், பிள்ளைக்குக் கடும் காய்ச்சல், டொக்ரர் பயணம் செய்யக்கூடாது என்றுவிட்டார், விழா பிறகு நடக்கும் என்று. அப்பா, "உதை இண்டைக்கே சரியாச் சொல்லிப்போடு மங்கை, நாளைக்குச் சொல்லேலாமல் போயிடும்" என்றார். நான் கேட்கவில்லை. நாய் வேசம் போட்டால் குரைக்கத்தான் வேண்டும் என்பார்கள், நான் நாயை மறைக்க வேசம் போட்டுவிட்டு ஒவ்வொரு நாளும் குரைத்தேன். காய்ச்சல் எத்தனை டிகிரி என்று கேட்டார்கள், சொன்னேன். பால் எடுக்கிறாளோ என்றார்கள், கொஞ்சம் எடுக்கிறாள் என்றேன். வெள்ளிக்கிழமைக் கூட்டுப் பிரார்த்தனையில் தாரிணி, பூரட்டாதி நட்சத்திரம் என்று சொல்லி அர்ச்சனை செய்தார்கள், எனக்கு முன்னால் நின்ற மனுசி கண்ணை மூடி உருகிக் கும்பிட்டதைப் பார்த்துக்கொண்டு நான் விபூதி வாங்கினேன்.

பக்கத்து வீட்டுப் பேர்ணடெற் அக்கா சேர்ச் பூசையில் பெயர் கொடுத்துச் செபம் சொல்லுவித்தா. அவவை உனக்குத் தெரியாததா, அவவும் நாங்களும் பார்க்டேலில் ஒரே அப்பாட்மென்ரில் இருந்த காலத்தில் நான் வேலையால் வருமட்டும் உன்னை வைத்திருந்து, மன்னார்க் கருவாட்டுக் குழம்பு தந்து பழக்கி, பிறகு நான் வைக்கிற குழம்பு சரியில்லை என்று உன்னைச் சொல்லவைத்தவ. அவவிடம் உன் நம்பர் இருந்தது எனக்கு நினைவில்லை. போன கிழமை வேலிக்கு மேலால் எட்டி, "மங்கை, நான் சுபாவோட கதைச்சனான், பிள்ளைக்கு இப்ப எப்பிடி மகள் எண்டு கேட்டன், கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்லை, பாவம் அழுதிருப்பாள், பிறகு, இப்ப பரவாயில்லை அன்ரி, காய்ச்சல் விட்டிட்டுது எண்டாள், இனிப் பயமில்லை" என்று சந்தோசமாகச் சொன்னா.

சுபா, நான் உன்னிடம் சொல்லாத பொய்யை நீ எப்படி அவ்வளவு கெதியில் கண்டுபிடித்தாய்? கண்டுபிடித்துவிட்டு ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை? அப்படி ஒரு பிள்ளை இல்லை அன்ரி என்று நாலு சொல் சொல்லியிருந்தால் என் மானம் போயிருக்கும், போகவேண்டியதுதான். அதைக் காப்பாற்ற, இல்லாத ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் விட்டது என்று உன் வாயால் சொல்லவைத்தேன். வேறு யாரையாவது சொல்லவைத்திருந்தாலும் பாவம் இவ்வளவு இருந்திராது. உன்னைச் சொல்லவைத்தேன். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேர்ணடெற் அக்கா, என்னடி முகம் வெளுக்குது, தலைச்சுத்தோ என்றா. அந்த இடத்திலேயே சொன்னேன். பிள்ளை இல்லை அக்கா, நாய்க்குட்டி, காய்ச்சலும் இல்லை, எல்லாம் நான் சொன்ன பொய் என்றேன். அவ வேலியில் வைத்திருந்த கையை எடுத்தா. "நான் செபம் சொன்னது நாய்க்கோ, அது பரவாயில்லை, அதுவும் ஆண்டவர் படைச்சது. ஆனா நான் அந்தப் பிள்ளைக்குக் கோல் எடுத்துக் கேட்டனான் பார், அதை என்னெண்டு திருப்பி எடுக்கிறது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டா. இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. நீ கதைக்காத நாட்களைவிட அந்த இரண்டு நாளும் எனக்கு நல்லதாக இருந்தது, யாரோ ஒருவராவது என்னைச் சரியாகத் தண்டிக்கிறார்கள் என்று.

அப்பாவிடம் போய் இருந்து அழுதேன். அவர் உனக்குத் தெரியும்தானே, வருடத்துக்கு ஐந்து வசனம் கதைக்கிற மனுசன், இந்த வருடத்துக்குரியதை ஒரேயடியாகச் செலவழித்தார். "உனக்கு வெட்கம் நாயாலயோ, பிள்ளையாலயோ?" என்று கேட்டார். பிள்ளையால் என்று சொல்ல வாய் வரவில்லை, ஆனால் அதுதான் உண்மையாக இருந்தது மகள். நீ ஒன்றும் செய்யாமலே உன்னைப் பற்றி ஒரு வெட்கத்தை நான் எட்டு வருடமாகச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தேன். இன்றைக்கு எனக்கு வெட்கம் என்னாலேதான். அது எவ்வளவோ திறம், சொந்தமானதைத்தான் கழுவ முடியும்.

கழுவத் தொடங்கிவிட்டேன். அந்த நூற்றிருபது பேரையும் குடும்பம் குடும்பமாகக் கோல் எடுத்துச் சொன்னேன், மெசேஜ் போடவில்லை, வாயால் சொன்னேன். ஐந்து நாள் எடுத்தது. கடினமான ஆட்களை முதலில் எடுத்தேன், இல்லாவிட்டால் துணிவு போய்விடும். ஐயரிடம் நேரில் போனேன், அவர் வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் மூலஸ்தானத்துக்கு முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் கோபித்தார்கள், சிலருக்கு வெறும் வாய்க்கு அவல் கிடைத்தது, மெல்லட்டும், நான் போட்ட அவல்தானே. ஒருத்தி, பாவம் சுபாங்கி என்றாள். பாவம் நான், சுபாங்கி இல்லை என்று சொல்லித்தான் வைத்தேன். உங்கள் தத்தெடுப்பு விசயத்தைப் பற்றி ஒருவரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. அது என்னவாயிற்று என்று உன்னிடமும் கேட்கமாட்டேன். நீயாகச் சொன்னால் கேட்பேன், சொல்லாவிட்டால் அது உன்னுடையது.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். யூலை மாத முதல் சனிக்கிழமை பின் வளவில் பார்ட்டி வைக்கலாமா? நீ முதலில் சொன்ன மாதிரி, பத்துப் பேர். உங்கள் வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்ததற்கு, வேறு ஒன்றுக்கும் இல்லை. பேர்ணடெற் அக்காவைக் கேட்டேன், சுபா வரச்சொன்னால் வருவேன், நீ சொல்லி வரமாட்டேன் என்றா, நியாயம்தான். அப்பா இரண்டு நாளாகக் குனிந்து வேலியில் இருந்த பொட்டு எல்லாம் அடைத்தார், முழங்கால் நோவு ஒன்றும் சொல்லவில்லை. திலக்சனோடு வேலை செய்கிற மெலனி வீட்டில் மூன்று நாய், அவளிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன், முந்திரிகை வற்றல், அதுதான் காய்ந்த திராட்சை, ஆகாதாம், வெங்காயம் ஆகாதாம், சொக்லேற் நஞ்சாம், சமைத்த கோழி எலும்பு தொண்டையில் குத்துமாம். ஊரில் எங்கள் நாய்கள் மீன்முள்ளில் வளர்ந்ததுகள், இதுக்கு இவ்வளவு பத்தியம், சரி, உப்பில்லாமல் கோழியும் சோறும் அவித்து வைப்பேன். எங்களுக்கு இடியப்பமும் சொதியும், ரோல்ஸ் வெளியில் எடுப்பேன். நாய் வீட்டுக்குள் வரக்கூடாது என்று நீ சின்னவளாய் இருந்த காலத்தில் நான் சொன்னதையும் திருப்பி எடுக்கிறேன், சாமி அறைக்கு மட்டும் வரவேண்டாம், அதையும் நீ நல்ல மாதிரி ஒருதரம் கேட்டால் யோசிப்பேன். தாரிணி என்ற பெயர் உங்களுக்கு வேண்டாம், அது இல்லாத ஒருத்தியின் பெயர், இருக்கிறவளுக்கு நீங்கள் ஒரு பெயர் வையுங்கோ. வந்தால் ஒரே ஓட்டமாக ஓடி வராதே, கியூபெக்கில் ஒரு இரவு தங்கு, வினோதனுக்கு நித்திரை தூங்கினால் ஸ்ரியரிங்கைக் கொடுக்காதே, குட்டியைக் காருக்குள் விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதே, வெயில் காலம்.

வராவிட்டாலும் நான் உன்னைக் குறை சொல்லமாட்டேன். பெத்தவள் கேட்டால் பிள்ளை வரத்தான் வேண்டும் என்று ஒரு காலத்தில் நினைத்தேன், இப்போது அப்படி நினைக்கவில்லை. இன்னும் நேரம் வேண்டுமென்றால் எடு. ஆனால் ஒருநாள் நீ என் கோலை எடுத்தால் ஒரு விசயம் நடக்காது என்று எழுத்தில் தருகிறேன். நான் இரண்டு நாளாக யோசித்துப் பார்த்தேன், உனக்குக் கலியாணம் முடிந்த நாளிலிருந்து நான் உன்னோடு கதைத்து முடிக்கிற ஒவ்வொரு தரமும், சரி பிள்ளை, வேறை என்ன புதினம், விசேஷம் ஏதும் உண்டோ என்று கேட்டுத்தான் போனை வைத்திருக்கிறேன். நீ ஒவ்வொரு தரமும், ஒண்டுமில்லை அம்மா என்பாய். நான் அதை வெறும் பேச்சு வழக்கம் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். நான் என்ன கேட்கிறேன் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். ஞாயிற்றுக்கு ஞாயிறு, எட்டு வருடம், நீ வேலை உயர்ந்ததைச் சொன்ன அன்றும், வீடு வாங்கியதைச் சொன்ன அன்றும், கடைசியில் அதைக் கேட்டு உன்னை ஒண்டுமில்லை என்று சொல்லவைத்துவிட்டுத்தான் வைத்திருக்கிறேன். இனி அந்தக் கேள்வி என் வாயில் வராது. உன்னிடம் ஒண்டும் இல்லாமல் இல்லை, மகள். நான்தான் அதற்கு ஒருநாளும் காது கொடுக்கவில்லை.

உனக்கும் வினோதனுக்கும் எங்கள் இரண்டு பேரின் ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு, அந்தக் குட்டிக்கும் உண்டு. மழைக் காலத்தில் அதோடு வெளியே நடக்கப் போனால் தலையை மூடிக்கொண்டு போ, உனக்குச் சளி லேசில் பிடிக்கும்.

இப்படிக்கு,
வெட்கத்தோடும் ஆசையோடும் உன்னைப் பார்த்திருக்கும் அம்மா,
ச. மங்கையற்கரசி